சிம்மாசனத்துக்குக் காவல்

எதில் இறங்கினாலும் முதல்வனாக வந்தே தீர வேண்டும், அந்த வெறி இல்லாதவன் உருப்பட மாட்டான் என்பது இன்று நம்மிடையே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்ட ஓர் அபிப்பிராயம். பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களிலும், பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களிலும், ஊக்கம் ஊட்டுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட பேச்சாளர்களின் பிரசங்கங்களிலும் அது நாள்தோறும் ஓதப்படுகிறது. மனிதனை உயரத்துக்கு உந்துவது அந்த வெறி ஒன்றே என்பது அதன் முதல் வாக்கியம். அதற்காகத் தூக்கம் போனாலும், சிரிப்புப் போனாலும், கூடப் பிறந்தவர்களின் சிநேகமே போனாலும், அவை கீர்த்திக்குக் கொடுக்கும் நியாயமான விலைதான் என்பது இரண்டாவது. இரண்டாவதாக வந்தவன் பெயரை உலகம் நினைவில் வைப்பதில்லை என்பது அவர்கள் கைவசம் எப்போதும் இருக்கும் பிரம்மாஸ்திரம். இவற்றை மறுத்து எவனாவது வாய் திறந்தால், அவன் தோற்றுப்போனவன், எட்டாத பழத்தைப் புளிக்கும் என்கிற ஜாதி என்று சொல்லி விவாதத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். அவசரப்படாமல் இந்தச் சித்தாந்தத்தைப் பரிசீலித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

போட்டியையும் வெற்றியையும் துறக்கச் சொல்லும் சந்நியாசி அல்லேன் நான். ஆட உட்கார்ந்தவன் ஜெயிக்க ஆசைப்படாமலிருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குச் செய்கிற அவமரியாதை. உழைக்கவேண்டும், நேற்று ஆடியதைவிட இன்று நன்றாக ஆட வேண்டும், வல்லவனை வெல்ல வேண்டும் என்ற ஆசைகளில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. எல்லோருக்கும் மேலே இருந்தால்தான் தான் ஒரு மனிதன், ஒரு படி இறங்கினால் தான் ஒன்றுமில்லை என்று ஒருவன் தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்கிறானே, அந்த மனோபாவத்தைப் பற்றியே என் ஆட்சேபம். அந்த அவசியம் மனிதனை உச்சிக்கு ஏற்றுகிறதா என்பதில் எனக்குச் சம்சயம் உண்டு. உச்சிக்குப் போனவனை அங்கே நிம்மதியாக ஆடவொட்டாமல் அடிக்கிறது என்பதில் சம்சயமே இல்லை.

சாட்சிக்குச் சதுரங்கத்தை அழைக்கிறேன். சென்னையில் தெருவுக்குத் தெரு சதுரங்க வகுப்பு நடக்கும் இந்தக் காலத்தில் எதிர்க்கட்சியார் அழைக்கும் சாட்சியும் அதுவே. தவிரவும், மற்ற ஆட்டங்களில் தோற்றவன் காற்றையோ மழையையோ நடுவரின் கண்ணையோ குறை சொல்லித் தேறிக்கொள்ளலாம். சதுரங்கத்தில் அந்தச் சமாதானங்கள் செல்லா. தோற்றது தன் புத்தியே என்று அந்தப் பலகை மனிதனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. ஆகையால், முதல்வனாக இருந்தே தீரவேண்டிய மனம் என்ன பாடுபடும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காண அதைவிடத் தோதான இடம் இல்லை.

ரஷ்யாவில் பிறந்து பிரான்ஸில் குடியேறிய அலெக்சாண்டர் அலெகின் என்பவர் 1927-ஆம் ஆண்டு பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் கியூபா தேசத்துக் கப்பாபிளாங்காவோடு உலகப் பட்டத்துக்காக மோதினார். கப்பாபிளாங்கா தோல்வி என்பதையே அபூர்வமாகக் கண்டவர். அவரை அலெகின் அதற்கு முன் ஒரு முறைகூட வென்றதில்லை. ஆயினும் எதிராளியின் ஆட்டங்களை வரி வரியாகப் படித்து, அந்தப் பளிங்குச் சுவரிலும் கீறல் எங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டு போன அலெகின், 34 ஆட்டங்கள் நீடித்த அந்த யுத்தத்தில் ஆறு வென்று, மூன்று தோற்று, மற்றதெல்லாம் டிராவாகப் பட்டத்தைக் கைப்பற்றினார். இதுவரையில் எதிர்க்கட்சியார் கைதட்டலாம். பார்த்தீரா, வெறி செய்த வேலை என்று சொல்லலாம். வெறி செய்ததா, படிப்புச் செய்ததா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். எனக்கு முக்கியம் அதற்கு மறுநாளிலிருந்து நடந்தது.

கப்பாபிளாங்கா மறு ஆட்டம் கேட்டார். அலெகின் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பரிசுப் பணமாகப் பத்தாயிரம் டாலர் திரட்டி வைத்தால்தான் ஆடுவேன் என்று நிபந்தனையைக் காட்டினார். நிபந்தனை கப்பாபிளாங்காவே தாம் சாம்பியனாக இருந்தபோது ஏற்படுத்தியதுதான் என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்த பிறகு அந்தத் தொகையைத் திரட்டுவது யாருக்கும் எளிதாயில்லை. அந்த இடைக்காலத்தில் 1929-இலும் 1934-இலும் இரண்டு முறை பட்டத்தைப் பணயம் வைத்து அலெகின் ஆடத்தான் ஆடினார். ஆனால் இரண்டு முறையும் தாம் சிரமமில்லாமல் வெல்லக்கூடிய போகல்யூபோவ் என்பவரோடு ஆடினார். பட்டப் போட்டி கிடக்கட்டும், ஒரு சாதாரணப் பந்தயத்திலாவது அந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்களா என்றால், ஒன்பது வருஷம் உட்காரவில்லை. 1936-இல் நாட்டிங்ஹாமில் உட்கார்ந்தபோது வென்றவர் கப்பாபிளாங்கா. உலகப் பட்டத்துக்கான மறு ஆட்டம் கடைசிவரை நடக்கவேயில்லை. 1942-இல் கப்பாபிளாங்கா காலமானார்.

அந்த வருஷங்களில் அலெகினின் ஆட்டம் தளர்ந்திருந்தது, அதனால் பயந்தார் என்று சொல்ல வழியிருந்தால் நானே அதைச் சொல்லி நகர்ந்துவிடுவேன். வழியில்லை. 1930-இல் சான் ரெமோவிலும் 1931-இல் பிளெட் நகரத்திலும் நடந்த பந்தயங்களில் அவர் இரண்டாமவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு முதல் பரிசு வாங்கினார். அந்நாளைய பூமியில் அவரினும் வலியவர் இல்லை என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. தம் பலத்தின் சிகரத்தில் நின்ற மனிதரால், தாம் ஏற்கெனவே ஒருமுறை வென்ற எதிராளியை மறுபடியும் சந்திக்க முடியவில்லை! பலம் கூடக் கூடப் பயம் குறையும் என்பது சாமானிய புத்தி சொல்லும் கணக்கு. முதலிடத்தைத் தன் உயிராகக் கருதுகிறவனிடம் அந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. இழப்பதற்கு எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவுக்குப் பயமும் சேர்கிறது. விதைக்கப் போகாமல், போன வருஷத்து நெல் நிறைந்த பத்தாயத்தின் முன்னே தடியோடு குந்தியிருக்கும் குடியானவனைப் போல அவன் ஆகிவிடுகிறான்.

இது மகான்களின் வியாதி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான கிளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக் என்ற இரு பெண்மணிகள் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, விடை கண்டபின் ஒரு சாராரை 'நீ புத்திசாலி' என்று புகழ்ந்தார்கள். மற்றொரு சாராரை 'நன்றாக உழைத்தாய்' என்று புகழ்ந்தார்கள். பிறகு அடுத்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமே விட்டபோது, உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வழியுள்ள கடினமான வேலையைக் கேட்டார்கள். புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களோ, தங்கள் பட்டத்துக்குப் பங்கம் வராத எளிய வேலையின் பக்கமே சாய்ந்தார்கள். வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்து அவர்களைச் சறுக்கவைத்த பிறகு, முகமறியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலிகளில் கணிசமானவர்கள் கூட்டியே எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளை, யாரென்றே தெரியாத ஒருவனிடம், யாதொரு லாபமும் இல்லாமல் பொய் சொல்கிறது. போகல்யூபோவைத் தேர்ந்தெடுத்த அலெகினுக்கும் எளிய புதிரைத் தேர்ந்தெடுத்த அந்தப் பிள்ளைக்கும் மேதையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம், மனோபாவத்தில் இல்லை.

இனி எதிர்க்கட்சியாரின் இஷ்ட தெய்வத்துக்கு வருவோம். முதலிட வெறிக்கு உதாரணம் சொல்லப் புகுந்தால் பாபி ஃபிஷரின் பெயரை அவர்கள் சொல்லாமலிருப்பதில்லை. 14 வயதில் அமெரிக்கச் சாம்பியன். 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். 1963-64 அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் பதினொரு ஆட்டம் ஆடிப் பதினொன்றும் ஜெயித்தார். டிரா என்ற பேச்சே இல்லை. 1971-இல் தைமனோவ், லார்சன் ஆகிய இரண்டு பெரும் ஆட்டக்காரர்களை, ஆளுக்கு ஆறு பூஜ்யம் என்ற, அந்த மட்டத்தில் கேட்டறியாத கணக்கில் சாய்த்தார். 1972-இல் ஐஸ்லாந்தின் தலைநகரான ரேக்யவிக்கில் ஸ்பாஸ்கியை வென்று, சோவியத் தேசத்துக்குப் பாத்தியதை போலிருந்த பட்டத்தைத் தனியொருவராகப் பறித்தார். இவ்வளவும் சத்தியம். ஆனால் கதையை இங்கே நிறுத்திவிட்டு விளக்கை அணைப்பதுதான் எதிர்க்கட்சியாரின் சாமர்த்தியம்.

விளக்கை அணைக்காமல் பார்த்தால் தெரிவது இது. பட்டம் கிடைத்தபோது ஃபிஷருக்கு வயது 29. அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் அவர் ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. 1975-இல் அனடோலி கார்போவ் என்ற இளைஞர் சவால்காரராக வந்து நின்றபோது, ஃபிஷர் நிபந்தனைகளை அனுப்பினார்: முதலில் பத்து ஆட்டம் வெல்பவனே ஜயசீலன், டிராக்கள் கணக்கில்லை, ஒன்பதுக்கு ஒன்பது என்று வந்துவிட்டால் பட்டம் பழைய சாம்பியனுக்கே. சர்வதேச சம்மேளனம் மற்றவற்றுக்கெல்லாம் இறங்கி வந்தது. கடைசி நிபந்தனைக்கு மட்டும் இணங்கவில்லை. ஏனென்றால் அதன் அர்த்தம், சவால்காரன் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஜெயித்தால்தான் பட்டத்தைத் தொடலாம் என்பதே. ஃபிஷர் வரவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, ஒரு காயைக்கூட நகர்த்தாமல் கார்போவ் சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். அதன் பின் 1992-இல் அதே ஸ்பாஸ்கியோடு ஒரு பழைய நினைவு ஆட்டம் ஆடியதைத் தவிர, 2008-இல் இறக்கும் வரையில் ஃபிஷர் சபையில் பலகைக்கு முன்னே உட்காரவில்லை. 29 முதல் 49 வரை! சதுரங்கக்காரன் கனிந்து முதிரும் இருபது வருஷங்களை, வரலாற்றின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், ஆடாமல் கழித்தார். வெறி அவரை உச்சிக்கு ஏற்றியது என்று சொல்பவர்கள், அதே வெறி இந்த இருபது வருஷத்துக்கும் பொறுப்பேற்குமா என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபிஷர் சித்தம் பேதலித்தவர், அவரை வைத்து நியாயம் பேசலாமா என்று ஒரு ஆட்சேபம் வரும். அவருடைய பிற்காலப் பேச்சுக்களில் துவேஷமும் சந்தேகமும் மண்டிக் கிடந்தன என்பது உண்மையே. இறந்தவர் நாடியைப் பிடித்து வியாதியின் பெயரைச் சொல்ல நான் வைத்தியனும் அல்லேன். ஆனால் ஆட்சேபத்தில் உள்ள சௌகரியத்தைக் கவனிக்க வேண்டும். 1972 வரையுள்ள ஃபிஷரைத் தங்கள் கொள்கைக்கு நிரூபணமாக எடுத்துக்கொள்வார்களாம்; 1972-க்குப் பிந்திய ஃபிஷரை வைத்தியசாலைக் கணக்கில் எழுதிவிடுவார்களாம். ஒரே மனிதரைப் பாதியாக வெட்டி, லாபத்தை ஒரு பேரேட்டிலும் நஷ்டத்தை வேறொரு பேரேட்டிலும் பதிகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் ஒரு நாள் வேலையில் வைத்திருக்க மாட்டான்.

மனத்துக்குள் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். சாதாரண மனிதனுக்கு வெற்றி சந்தோஷம் தருகிறது. முதல்வனாக இருந்தே தீரவேண்டியவனுக்கு வெற்றி தருவது, வரவிருந்த அவமானம் ஒரு தவணை தள்ளிப்போயிற்று என்ற ஆசுவாசம் மாத்திரமே. கொண்டாட்டத்தின் ஓசை அடங்குமுன்னே அடுத்த தவணையின் நினைவு வந்துவிடும். சீனத்து டிங் லிரென் 2023 ஏப்ரலில் உலகச் சாம்பியன் ஆனவர். சாதுவான மனிதர், கவிதை மனம் உள்ளவர் என்று சதுரங்க உலகமே அவரை விரும்புகிறது. பட்டம் வென்ற பின் அந்த ஆண்டின் பெரும்பகுதி அவர் ஆடாமலே இருந்தார். மனச்சோர்வு நோய் தம்மை வாட்டியதையும் சிகிச்சை எடுத்துக்கொண்டதையும் பின்னர் அவரே ஒளிக்காமல் சொன்னார். அவர் நோய்க்குப் பட்டம்தான் காரணம் என்று நான் அபாண்டம் பேச மாட்டேன். ஆனால், உலகத்தின் முதல் ஸ்தானம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள், அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்த ஒருவர் அங்கிருந்து என்ன சொன்னார் என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா?

இரண்டாமவனை யார் நினைக்கிறார்கள் என்ற பிரம்மாஸ்திரத்துக்கு இப்போது வருகிறேன். எஸ்டோனியா என்ற சிறு தேசம் நினைக்கிறது. அந்தத் தேசத்துப் பவுல் கெரெஸ், உலகப் பட்டத்துக்குச் சவால்காரரைத் தேர்ந்தெடுக்கும் பந்தயங்களில் 1953, 1956, 1959, 1962 ஆகிய நான்கு முறையும் தொடர்ந்து இரண்டாம் ஸ்தானத்தில் வந்தவர், முதல்முறை வேறிருவரோடு பங்கிட்டுக்கொண்டு. 1962-இல் அரைப் புள்ளியில் தவறவிட்டார். பட்டத்துக்காக ஒரு முறைகூட அவர் தனிப்போட்டி ஆடவில்லை. ஆனால் கப்பாபிளாங்கா முதல் ஃபிஷர் வரை ஒன்பது உலகச் சாம்பியன்களை ஒருமுறையேனும் வென்ற கை அவருடையது. 1975-இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஒரு பந்தயத்தை ஜெயித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார். அவர் சவ ஊர்வலத்துக்குத் தாலின் நகரமே திரண்டது. எஸ்டோனியா சுதந்திரம் பெற்றுத் தன் சொந்தப் பணத்தை அச்சிட்டபோது, ஐந்து குரூன் நோட்டில் பொறிக்கப்பட்ட முகம் கெரெஸின் முகம். எந்த அரசனையும் எந்தத் தளபதியையும் தேடிப்போகாமல், நான்குமுறை இரண்டாமிடம் வந்தவரை ஒரு தேசம் பணப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிற்று.

இரண்டாமவராவது தேவலை, பதினான்காமவரைச் சொல்கிறேன் கேளுங்கள். ஹாலந்து தேசத்து மாக்ஸ் யூவே ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியார். 1935-இல் அலெகினை வென்று உலகச் சாம்பியன் ஆனார். ஆன கையோடு, கப்பாபிளாங்காவுக்கு அலெகின் எதை மறுத்தாரோ அதை அலெகினுக்கே கொடுத்தார்: இரண்டே ஆண்டில் மறு ஆட்டம். 1937-இல் அதில் படுதோல்வி அடைந்து பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். 1948-இல் ஐவர் மோதிய உலகப் பட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தார். எதிர்க்கட்சியாரின் சாஸ்திரப்படி அந்த மனிதர் அதோடு பலகையை மடித்துப் பரணில் போட்டிருக்க வேண்டும். 1953-இல் ஸூரிக்கில் நடந்த பந்தயத்துக்கு, 52 வயதில், மறுபடியும் வந்தார். பதினைந்து பேரில் பதினான்காவதாக முடித்தார். ஆனால் அந்தப் பந்தயத்தில் கெல்லரை அவர் வீழ்த்திய ஆட்டம், எழுபது வருஷம் கழித்து இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. முதற்பரிசு வாங்கிய ஸ்மிஸ்லோவின் ஆட்டங்களைப் படிக்கிறவன் அதையும் படிக்காமல் விடுவதில்லை. அந்தப் பந்தயத்தைப் பற்றி எழுந்த, சதுரங்க இலக்கியத்தின் சிரோரத்தினம் என்று பலரும் கருதும் புத்தகத்தை எழுதிய டேவிட் பிரான்ஸ்டைனும் இரண்டாம் ஸ்தானத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்தான். அவர் 1951-இல் பட்டப் போட்டியைச் சமமாக முடித்து, சாம்பியனாகாமலே நின்றுபோனதை வாழ்நாளெல்லாம் மனத்தில் வைத்து வருந்தினார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். வருத்தம் வேறு, ஆடாமல் நின்றுவிடுவது வேறு.

நம் ஊருக்கு வருவோம். சென்னைப் புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்த பந்தயம் ஒன்றைச் சிறிது காலத்துக்கு முன்னே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோடு யார் ஆடுவது என்று சுவரில் ஒட்டிய பேரிங் தாளைச் சூழ்ந்து பெற்றோர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் விரித்த துண்டுகளின்மேல் தயிர்சாத டப்பாக்கள் திறந்திருந்தன. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையனைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு அவன் தகப்பனார் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "போதும்டா. ரெண்டு ரவுண்டு தோத்தாச்சு. இன்னொண்ணும் போச்சுன்னா ரேட்டிங் என்னாகும், சொல்லு?" பையன், "நான் ஆடறேம்பா" என்றான். "சொன்னா கேளு. சார்கிட்டக் காய்ச்சல்னு சொல்லிக்கலாம்." பையன் கையில் அடுத்த ரவுண்டுக்கு வேண்டிய பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். பிறகு அவர்கள் போய்விட்டார்கள்.

அந்தத் தகப்பனாரை நான் நிந்திக்கவில்லை. கணக்கில் அவர் கெட்டிக்காரர். வளரும் பிள்ளைகளின் புள்ளிகள் வேகமாக ஏறி இறங்கும்படி அந்த ரேட்டிங் முறை அமைந்திருக்கிறது. தன்னைவிட 200 புள்ளி குறைந்த பையனிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் சுமார் 30 புள்ளி போய்விடும். ஜெயித்தாலோ 10 புள்ளிக்குமேல் வராது. மூன்றுக்கு ஒன்று என்ற பேரத்தில் எந்த வியாபாரி சரக்கை வெளியே எடுப்பான்? ஆகவே பிள்ளையை வீட்டில் வைத்துப் புள்ளியைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனமே, புள்ளிதான் பிள்ளை என்று வைத்துக்கொண்டால். ரேட்டிங் என்பது ஆட்டத்தை அளக்க வந்த கோல். அதைக் காப்பாற்ற ஆட்டத்தை நிறுத்தும் இடத்துக்கு வந்திருக்கிறோம். அலெகினின் பத்தாயிரம் டாலரும், ஃபிஷரின் ஒன்பதுக்கு ஒன்பதும், இந்தக் காய்ச்சலும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. அலெகினாவது பட்டத்தை வென்றபின் ஒளிந்துகொண்டார். நம் பிள்ளையை வெல்வதற்கு முன்னமே ஒளிந்துகொள்ளப் பழக்குகிறோம். காய்ச்சல் என்று யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது என்பது பையனுக்குத் தெரியும். தன் தோல்வி தன் தகப்பனாரால் தாங்க முடியாத ஒன்று என்ற பாடத்தை அவன் அன்று கற்றான்.

அப்படிப்பட்ட பாடத்தைக் கற்பவர்கள் பெருகிவருகிறார்கள் என்பதற்கு அந்நிய நாட்டுச் சான்று ஒன்று உண்டு. தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் என்ற ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் தேசங்களில் 1989 முதல் 2016 வரை 40,000-க்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் எடுத்த கணிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதம் எல்லா விதத்திலும் வளர்ந்திருந்தது. அவற்றுள் மிகுதியாக வளர்ந்தது, பிறர் தன்னிடம் குறையற்ற நிலையை எதிர்பார்க்கிறார்கள், கிடைக்காவிட்டால் தள்ளிவிடுவார்கள் என்ற எண்ணம். மனச்சோர்வோடு நெருங்கிய உறவு கொண்டது அந்த வகை என்பதும் ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அந்தக் கணக்கில் நம் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று நம்புகிறவர்கள், பொதுத்தேர்வு முடிவு வரும் காலையில் எந்தத் தெருவுக்காவது போய்ப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பது புளித்த பழ ஆட்சேபம். தோற்றவன் பேசுவதுதான் இது என்கிறார்கள். தோற்றவன் சாட்சியம் செல்லாது என்றால், ஜெயித்தவர்களையே கூப்பிடலாம். மாக்னஸ் கார்ல்சன் 2013 முதல் சாம்பியனாக இருந்தவர். 2022-இல், மறுபடியும் பட்டத்துக்காக ஆடுவதில் தமக்கு உற்சாகமில்லை என்று சொல்லி அதைத் தாமே விட்டுக் கொடுத்தார். விட்டபின் ஒளிந்தாரா? பந்தயம் பந்தயமாக ஆடிக்கொண்டே இருக்கிறார். ரேட்டிங் பட்டியலின் உச்சியிலும் அவரே இருக்கிறார். அவரிடம் பட்டத்தை இழந்தவர் நம் விசுவநாதன் ஆனந்த். சொந்த ஊரான சென்னையில், 2013 நவம்பரில், பத்து ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்காமல் இழந்தார். அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய 44. இனி ஓய்வு பெறலாமே என்று பத்திரிகைகள் மரியாதையோடு எழுதின. அவரோ நாலு மாதத்தில் ரஷ்யாவிலுள்ள காந்தி மான்ஸிஸ்க் என்ற ஊருக்குப் போய், சவால்காரரைத் தேர்ந்தெடுக்கும் பந்தயத்தில் ஒரு ஆட்டமும் தோற்காமல் முதல்வராக வந்தார். அதே கார்ல்சனோடு மறுபடியும் மோதி, மறுபடியும் தோற்றார். 2017 டிசம்பரில் லண்டன் பந்தயத்தை மிக மோசமாக முடித்துவிட்டு, அந்த மாதமே ரியாத்துக்குப் போய், வழியில் கார்ல்சனையும் வென்று, 48 வயதில் அதிவேகச் சதுரங்கத்தின் உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தார். முதல்வனாக இல்லாவிட்டால் நான் யாருமில்லை என்று கருதும் மனம் இந்த வழியில் ஒரு காலடி எடுத்து வைத்திருக்காது.

குகேஷுக்கு அது புரிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவரைத் தங்கள் கொடியில் வரைந்துகொண்டவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் சாம்பியன் ஆனவர், அடுத்த மாதமே ஹாலந்தின் வைக் ஆன் ஸீ பந்தயத்துக்குப் போனார். பிரக்ஞானந்தாவோடு முதலிடத்தைச் சமமாகப் பகிர்ந்து, டைபிரேக்கில் தோற்றார். 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த பந்தயத்துக்கும் போனார். அது உலகச் சாம்பியனுக்கு எதிரே நிற்கப்போகும் சவால்காரருக்கு வழி திறக்கும் பந்தயம். சாம்பியனாகிய அவருக்கு அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, இழப்பதற்கு மட்டும் ஏராளம். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். அவரை வென்ற மூவரில் இருவர் 16 வயதுப் பையன்கள். தோற்றபின் எழுந்துபோகாமல் மிச்சமிருந்த சுற்றுகளையும் ஆடினார். உடனே இங்கே, முந்தைய டிசம்பரில் பட்டாசு வெடித்தவர்களே, இவரும் ஒரு சாம்பியனா என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் மேல் பரிவுள்ளவர்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள்: பட்டம் கையில் இருக்கும்போது இப்படிப்பட்ட பந்தயங்களுக்கு அவர் போகாமலிருப்பதே நல்லதாம். 1927-க்குப் பின் கப்பாபிளாங்கா விஷயத்தில் அலெகினும், 1972-க்குப் பின் ஃபிஷரும் அந்த யோசனைப்படியேதான் நடந்துகொண்டார்கள்.